பஞ்சை எடுத்துவிடுங்கள், அத்தையை அழைத்து வாருங்கள்

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து 34 வயதுப் பெண் ஒருவர் காது மருத்துவரான எனக்கு எழுதியிருக்கிறார். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஆறு பக்கம். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

இவர் பீடி சுற்றுபவர். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார், விசேஷங்களுக்குத்தான் வருவார். வீட்டில் ஏழு வயதுப் பையன், நான்கு வயதுப் பெண், கணவரின் தாயார். ஓட்டு வீடு, பக்கத்திலேயே மாட்டுத் தொழு. தாயும் பிள்ளைகளும் பட்டாசலில் பாய் விரித்துப் படுப்பது வழக்கம். ஆடிச் சாரல் பெய்துகொண்டிருந்த ஓர் இரவில் பையன் வீறிட்டு எழுந்து, காதைப் பொத்திக்கொண்டு சுவரில் போய் முட்டியிருக்கிறான். காதுக்குள் கரப்பான் புகுந்துவிட்டது. சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர் டார்ச் அடித்துப் பார்த்ததும் வலி அதிகமாகியிருக்கிறது. கொண்டை ஊசியால் எடுக்கப் பார்த்தார்கள், ரத்தம் வந்தது. விடிந்ததும் டவுனில் ஒரு கிளினிக்குக்குத் தூக்கிப்போனார்கள். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, கரப்பான் துண்டு துண்டாக வெளியே வந்தது. காதுச் சவ்வில் ஓட்டை விழுந்துவிட்டது என்று வாயால் சொன்னார்களே தவிர, சீட்டு எதுவும் எழுதித் தரவில்லை.

இது நடந்து ஐந்து வாரம் ஆகிறது. அன்றிலிருந்து இவர் சரியாகத் தூங்கவில்லை. இரவானால் பிள்ளைகள் காதில் பஞ்சு அடைக்கிறார். தன் காதில் காய்ச்சிய தேங்காய் எண்ணெய் ஊற்றிக்கொண்டு அதன் மேல் பஞ்சு வைக்கிறார். அறையை மூடிப் பூச்சி மருந்து அடிக்கிறார். அப்படியும் நம்பிக்கை வராமல், மூன்று மணி வரை டார்ச்சும் கையுமாக உட்கார்ந்து பிள்ளைகளின் காதுகளைப் பார்க்கிறார். சில நாட்களாக வலது காதுக்குள் ஏதோ ஊர்வதுபோல இருக்கிறதாம். இரண்டு மருத்துவர்கள் பார்த்து ஒன்றும் இல்லை என்று சொல்லியும் ஊர்வது நிற்கவில்லை. பூரான் புகுந்தால் மூளைக்கு ஏறிவிடும் என்று தெருவில் யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

மூளைக்குப் போகுமா, தன் காதில் பூச்சி இருக்கிறதா, மெடிக்கலில் விற்கும் ஸ்பாஞ்சு அடைப்பான் வாங்கலாமா, பையனின் சவ்வு கூடுமா, அந்தக் கிளினிக்கின் மேல் புகார் கொடுக்க முடியுமா என்று வரிசையாகக் கேட்கிறார். கடைசிப் பக்கத்தின் அடியில், இடம் போதாமல் நெருக்கி எழுதிய இரண்டு வரி இப்படி இருக்கிறது: "அத்தைக்குப் பல வருடமாக ஒரு காதில் சீழ் வடியும். அது வழக்கமானதுதான், நாற்றம் தாங்க முடியாமல் திண்ணையில் படுக்க வைத்திருக்கிறோம். அவர்கள் காதிலும் பஞ்சு வைக்கலாமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஐந்தே முக்கால் பக்கம் பூச்சியைப் பற்றியது. அதைப் படித்தபோது நீங்கள் படும் பாடு புரிந்தது. ஆனால் எனக்குப் பயம் வந்தது கடைசி இரண்டு வரியில்தான். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில்.

மூளைக்கு வழி கிடையாது

காதுத் துவாரம் ஒரு முட்டுச்சந்து. பெரியவர்களுக்கே அதன் நீளம் சுமார் 2.5 சென்டிமீட்டர்தான், சற்று வளைந்து போகும். அதன் கடைசியில் செவிப்பறை என்கிற சவ்வு குறுக்கே மூடிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பின்னால் நடுக்காது, அதையும் சுற்றி எலும்பு. எறும்பானாலும் கரப்பானானாலும் உங்கள் தெருவார் சொன்ன பூரானானாலும் சவ்வுக்கு முன்னால்தான் நிற்க வேண்டும். மூளையைத் தின்னும் என்பதெல்லாம் வெறும் கதை. இதை உங்கள் தெருவில் தாராளமாகச் சொல்லுங்கள்.

பிறகு ஏன் அப்படி வலித்தது? காதின் உட்பக்க மூன்றில் இரண்டு பங்கில் தோல் மிக மெல்லியது. அடியில் சதை இல்லாமல் நேராக எலும்பின் மேல் ஒட்டியிருக்கிறது. தொட்டாலே உயிர் போகும். கரப்பானின் கால்களில் முட்கள் உண்டு. அந்த இடுக்கில் அதனால் திரும்ப முடியாது. பின்னால் நடப்பதும் அதற்கு எளிதல்ல. ஆகவே முன்னால் முன்னால் பிராண்டுகிறது. சவ்வை ஒட்டி நடக்கும் ஒவ்வோர் அடியும் உள்ளே இருப்பவருக்கு இடிபோலக் கேட்கும். உங்கள் மகன் சுவரில் முட்டியதில் வியப்பே இல்லை. மீசை வைத்த ஆண்கள் எங்கள் மேசையில் கதறி அழுவதைப் பார்த்திருக்கிறேன்.

கரப்பான் நம் காதைத் தேடி வருவதில்லை. இரவில் இரை தேடும் பிராணி அது. முதுகும் வயிறும் ஒருசேரப் படுகிற இருட்டுச் சந்து கிடைத்தால் அதில் நுழைந்துகொள்வது அதன் சுபாவம். தரையில் பாயில் படுப்பவரின் காது அதன் வழியில் இருக்கிறது, அவ்வளவுதான். அதிலும் பெரும்பாலும் சிறிய கரப்பானோ குஞ்சோதான் உள்ளே போக முடியும். காதின் வாசலில் இருக்கும் முடியும், பிசுபிசுப்பான புளிப்புத்தன்மை கொண்ட குறும்பியும் பூச்சிகளுக்குப் பிடிக்காத காவல். அதைத்தான் நாம் அழுக்கு என்று தினமும் குடைந்து எடுக்கிறோம்.

பூச்சி செய்வது கொஞ்சம், கை செய்வது அதிகம்

1858இல் ஆப்பிரிக்காவில் டாங்கனிக்கா ஏரிப் பக்கம் போன ஜான் ஹானிங் ஸ்பீக் என்ற ஆங்கிலேயப் பயணிக்கு இதே கதி நேர்ந்தது. கூடாரத்தில் மெழுகுவத்தி ஏற்றியதும் வண்டுகள் மொய்த்தன. இரவில் ஒன்று காதுக்குள் போய்விட்டது. உருக்கிய வெண்ணெயை ஊற்றிப் பார்த்தார். சரிவரவில்லை. பேனாக்கத்தியின் முனையால் குத்தினார். வண்டு செத்தது, காதும் புண்ணாகிச் சீழ் பிடித்தது. முகம் கோணிப்போய், தோள் வரை கட்டிகள் கிளம்பி, பல நாள் மெல்ல முடியாமல் கஞ்சித் தண்ணீர்தான் ஆகாரம். அந்தக் காது பல மாதங்கள் செவிடாகக் கிடந்தது. ஆறேழு மாதம் கழித்தும் குறும்பியோடு வண்டின் காலும் இறகும் வந்தன என்று அவரே எழுதியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரின் கொண்டை ஊசிக்கும் ஸ்பீக்கின் கத்திக்கும் வித்தியாசமில்லை. இரண்டும் நல்ல எண்ணத்தில் செய்யப்பட்டவை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

இனி ஒருமுறை யாருக்காவது இப்படி நேர்ந்தால் செய்ய வேண்டியது இது. முதலில் அந்தக் காதில் ஏற்கெனவே ஓட்டை, சீழ், அறுவை எதுவும் இல்லை என்பது நிச்சயமாகத் தெரிய வேண்டும். தெரிந்தால், புகுந்த காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். குழந்தையானால் மடியில் தலையை அணைத்துப் பிடியுங்கள். பெரியவர்களுக்குக் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்தால் துவாரம் நேராகும். சின்னக் குழந்தைக்குக் கீழும் பின்னுமாக. தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ சில சொட்டு விட்டு துவாரத்தை நிரப்புங்கள். அடுப்பில் காய்ச்ச வேண்டாம். கிண்ணத்தை உள்ளங்கையில் சிறிது நேரம் வைத்திருந்தால் போதும். சூடாகவோ சில்லென்றோ எது காதில் போனாலும் தலை சுற்றும், வாந்தி வரும். பூச்சி மூச்சு விடுவது உடம்பின் பக்கவாட்டில் இருக்கும் நுண்துளைகள் வழியாக. எண்ணெய் அவற்றை அடைத்துவிடுவதால் ஓரிரு நிமிடத்தில் அசைவு நின்றுவிடும். துடிப்பு நின்றதும் வலியில் பாதி போய்விடும். ஐந்து நிமிடம் கழித்து அந்தக் காதைக் கீழ்ப்பக்கமாகச் சாய்த்துத் துணியில் வடியவிடுங்கள். வந்தால் வரட்டும், வராவிட்டால் விடிந்து மருத்துவரிடம் போகலாம். வலி போய்விட்டதே என்று அப்படியே விட்டுவிடாதீர்கள்; செத்த பூச்சியின் கால் ஒன்று உள்ளே தங்கினாலும் புண்ணாகும்.

உப்புத் தண்ணீர் நம் பக்கத்து வைத்தியம். எறும்புக்கு அது போதும். கரப்பானோ தண்ணீரில் அரை மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்கும். அதுவரை உள்ளே பிராண்டிக்கொண்டே இருக்கும். டார்ச் அடிப்பது ஈசலுக்கும் விட்டிலுக்கும் சரி, அவை வெளிச்சத்தை நாடி வரும். கரப்பான் வெளிச்சத்தைக் கண்டால் ஓடி ஒளிவது. உங்கள் மகனுக்கு டார்ச் அடித்ததும் வலி கூடியது அதனால்தான். பீடிப் புகை ஊதுவது, மண்ணெண்ணெய், பூச்சி மருந்து, பச்சிலைச் சாறு எதுவும் வேண்டாம். ஊசி, தீக்குச்சி, பட்ஸ், கோழி இறகு எதுவும் காதின் வாசலைத் தாண்டக் கூடாது.

ரத்தம், கடுமையான தலைசுற்றல், முகம் ஒரு பக்கம் இழுப்பது, காது சட்டென்று கேட்காமல் போவது இவற்றில் எது இருந்தாலும் விடியும்வரை காத்திராமல் 108ஐ அழையுங்கள். இன்னொன்று: சின்னப் பிள்ளைகள் காதில் "பூச்சி" என்று சொல்வது சில சமயம் விளையாட்டுச் சாமானிலிருந்து கழன்ற பட்டன் பேட்டரியாக இருக்கும். அது சில மணி நேரத்தில் சதையை அரித்துவிடும். அந்தச் சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டு எண்ணெயும் விடாமல் அந்த நேரத்திலேயே கிளம்பிவிடுங்கள்.

பையனின் காது

காயத்தால் கிழிந்த சவ்வு பெரும்பாலும் தானாகவே கூடிவிடும். சில வாரங்களிலிருந்து இரண்டு மூன்று மாதம் ஆகலாம். அதற்கு நாம் செய்யும் உதவி, தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான். ஆற்றில் முங்குவது, வாய்க்காலில் குதிப்பது, அருவியில் தலை காட்டுவது எல்லாம் சவ்வு கூடியதைப் பார்த்த பிறகு. நீங்கள் பத்திரமாக வைத்திருக்கும் பஞ்சுக்கு இங்கேதான் வேலை: குளிக்கும்போது வாஸலின் களிம்பு தடவிய பஞ்சு உருண்டையைக் காதின் வாசலில் வையுங்கள், குளித்ததும் எடுத்துவிடுங்கள். மருத்துவர் எழுதாத சொட்டு மருந்து வேண்டாம். எண்ணெய் கூடவே கூடாது. இன்னொரு பூச்சி அதே காதில் போனாலும் கூடாது. அப்போது கையை வைக்காமல் நேரே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

ஐந்து வாரம் ஆகிவிட்டதால் மைக்ரோஸ்கோப்பில் ஒருமுறை பார்த்து, கேட்கும் திறன் பரிசோதனையும் செய்துவிடலாம். பள்ளியில் அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை என்று டீச்சர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். முன்வரிசையில், நல்ல காது டீச்சர் பக்கம் இருக்கும்படி உட்கார வைக்கச் சொல்லுங்கள். மூன்று மாதமாகியும் ஓட்டை மூடவில்லை என்றால் சவ்வு ஒட்டும் அறுவை உண்டு; அதற்கு இப்போதே கவலைப்பட வேண்டாம்.

புகாரைப் பற்றி. சவ்வு கிழிந்தது கொண்டை ஊசியாலா, கிளினிக்கின் கருவியாலா என்று இப்போது யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது; ரத்தம் வந்தது வீட்டில்தான். அதனால் இழப்பீடு என்று கிளம்பினால் அலைச்சல்தான் மிஞ்சும். ஆனால் உயிரோடு இருக்கும் பூச்சியை முதலில் கொல்லாமல், குழந்தையை அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுத்தது சரியான முறை அல்ல. சீட்டுத் தராததும் தவறு. என்ன பார்த்தார்கள், என்ன செய்தார்கள் என்று எழுதிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. போய்க் கேளுங்கள், குரலை உயர்த்தாமல். அங்கே பார்த்தவர் பதிவு பெற்ற மருத்துவர்தானா என்ற சந்தேகமும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. பதிவு எண் சீட்டிலோ போர்டிலோ இருக்க வேண்டும். இல்லையென்றால் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். அது உங்கள் மகனுக்காக இல்லாவிட்டாலும் அடுத்து வரும் பிள்ளைக்காக.

உங்கள் காதில் ஊர்வது

இரண்டு பேர் பார்த்து ஒன்றும் இல்லை என்றது சரியாகவே இருக்கும். உயிருள்ள பூச்சி உள்ளே இருந்தால், உங்களுக்கு 'ஊர்வதுபோல' இருக்காது. கடிதம் எழுத உட்காரவே முடியாது. அதற்காக உங்கள் உணர்வு பொய் என்று நான் சொல்லவில்லை. தினமும் எண்ணெய் ஊற்றி, பஞ்சால் மூடி, சாரல் காலத்து ஈரத்தில் காதைப் புழுங்க வைத்தால் பூஞ்சை பிடிக்கும். அதன் முதல் அடையாளமே நமைச்சலும் ஊர்வதுபோன்ற குறுகுறுப்பும்தான். எண்ணெயில் ஊறிய குறும்பி இடம் மாறினாலும் அப்படித்தான் இருக்கும். பூச்சி வராமலிருக்க நீங்கள் செய்வதே பூச்சி இருப்பதுபோன்ற உணர்வைக் கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

இரவில் ஏதோ சத்தம் கேட்கிறது என்கிறீர்களே, அதிலும் பஞ்சுக்குப் பங்குண்டு. காதை அடைத்தால் வெளிச்சத்தம் குறையும். எச்சில் விழுங்குவது, தாடை அசைவது, நாடித் துடிப்பு போன்ற நம் உடம்பின் சத்தம் பெரிதாகக் கேட்கும். வேண்டுமானால் இரண்டு விரலால் காதுகளை அடைத்துக்கொண்டு எச்சில் விழுங்கிப் பாருங்கள்.

உங்கள் வேலையையும் யோசித்தேன். சுளகை மடியில் வைத்துக் குனிந்தே நாளெல்லாம் இருந்தால் கழுத்துத் தசையும் தாடையும் இறுகி, அந்த வலி காதில் தெரியும். புகையிலைத் தூள் ஒட்டிய விரலால் காதைச் சொறிந்தால் அந்த மெல்லிய தோல் எரியும். எழுந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எண்ணெயைப் பத்து நாள் அடியோடு நிறுத்துங்கள். அதற்குப் பிறகும் நமைச்சல் இருந்தால், ஒன்றும் இல்லை என்று சொன்ன அதே மருத்துவரிடம் பூஞ்சை இருக்கிறதா பாருங்கள் என்று கேளுங்கள். பூச்சியைத் தேடியவர் கண்ணுக்குப் பூஞ்சை தப்பியிருக்கலாம்.

ஸ்பாஞ்சு அடைப்பான் வாங்க வேண்டாம். தினமும் போட்டால் குறும்பியை உள்ளே தள்ளும், புண்ணாக்கும். பிள்ளைகள் காதில் பஞ்சு வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். நான்கு வயதுக் குழந்தை அதை உள்ளே தள்ளிவிட்டால், பூச்சியை எடுப்பதற்குப் பதில் பஞ்சை எடுக்க என்னிடம் வருவீர்கள். மூடிய அறையில் மருந்து அடித்து அதிலேயே பிள்ளைகளைப் படுக்க வைப்பது இளைப்பை இழுத்து வரும்.

அதற்கெல்லாம் பதிலாக ஒரு கொசுவலை. ஓரங்களைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிட வேண்டும், தொங்கவிட்டால் பயனில்லை. ஊர்வதும் பறப்பதும் உள்ளே வராது, கொசுத்தொல்லையும் போகும். பாயைச் சுவரோரம் போடாமல் ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். கரப்பான் ஈரத்துக்கும் இருட்டுக்கும் வருவது. ஈரச் சாக்கில் சுற்றிய பீடி இலைக்கட்டு படுக்கும் இடத்தில் இருக்கிறதென்றால் அதை முதலில் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். ராத்திரி எச்சில் தட்டு கழுவாமல் கிடக்க வேண்டாம். சாக்கடைத் துளைக்குச் சல்லடை மூடி போடுங்கள். பிள்ளைகள் பால் குடித்துவிட்டுப் படுத்தால் வாயையும் கன்னத்தையும் துடைத்துவிடுங்கள். கரப்பானுக்கு ஜெல் மருந்து கிடைக்கிறது. மூலை முடுக்குகளில் பிள்ளைகள் கைக்கு எட்டாதபடி பொட்டுப்பொட்டாக வைத்தால் ஸ்பிரேயைவிட நன்றாக வேலை செய்யும். கட்டில் வாங்கி அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தும் பழைய யோசனையை யாராவது சொல்வார்கள். அந்தத் தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடும், வேண்டாம். ஐப்பசி மழையில் ஈசல் கிளம்பும் நாட்களில் படுக்கைக்கு மேலே விளக்கு எரிய வேண்டாம்.

தூக்கத்தைப் பற்றி ஒன்று. குழந்தை துடித்ததைப் பார்த்த தாய்க்குச் சில வாரம் தூக்கம் கெடுவது இயற்கை. ஆனால் டார்ச் அடித்துப் பார்க்கப் பார்க்கப் பயம் குறையாது, வளரும். இரவில் ஒரே ஒரு முறை, வலையைச் செருகும்போது மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஒருவேளை என் பிரமையாகவும் இருக்குமோ" என்று நீங்களே கேட்டிருக்கிறீர்கள்; அப்படிக் கேட்க முடிகிறவர்கள் சீக்கிரம் தேறுவார்கள். இன்னும் இரண்டு வாரத்தில் தூக்கம் திரும்பாவிட்டால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை (அரசின் மனநல உதவி எண்) அழைத்துத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மனநல மருத்துவரைப் பார்ப்பதும் காது மருத்துவரைப் பார்ப்பதுபோலத்தான்.

அத்தையின் காது

இப்போது அந்த இரண்டு வரி.

காதில் சீழ் வடிவது எத்தனை வருடமானாலும் வழக்கமாகிவிடாது. இத்தனை வருடம் வடிகிறதென்றால் பெரும்பாலும் அவர் சவ்வில் ஓட்டை இருக்கிறது என்று பொருள். நாற்றமும் சேர்ந்தால் எங்களுக்குச் சந்தேகம் வேறு மாதிரிப் போகும். கொலஸ்டியடோமா என்று ஒரு நிலை உண்டு. புற்றுநோய் அல்ல. தோல் நடுக்காதுக்குள் வளர்ந்து, அடுக்கடுக்காகச் சேர்ந்து, பக்கத்து எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். நடுக்காதின் மேற்கூரை ஒரு மெல்லிய எலும்பு. அதற்கு மேலே இருப்பது மூளை. எந்தப் பூச்சியும் போக முடியாத இடத்துக்கு இந்தச் சீழ் போக முடியும். மூளைக்குப் போகுமா என்று நீங்கள் ஆறு பக்கம் கவலைப்பட்ட காது ஒன்று. கவலைப்பட வேண்டிய காது திண்ணையில் இருக்கிறது.

பூச்சி விஷயத்திலும் உங்கள் வீட்டில் ஆபத்து அதிகமானவர் அவர்தான். அதுவும் இரவில் அல்ல, பகலில். சீழ் நாற்றத்துக்கு ஈ வரும். தொழுவை ஒட்டிய திண்ணையில், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் வயதானவரின் காதில் ஈ உட்கார்ந்து முட்டையிட்டுப் போய்விடும், அவருக்குத் தெரியாது. ஒரு நாளுக்குள் அவை புழுவாகிச் சதையைக் குடைய ஆரம்பிக்கும். நம் மாவட்டத்து மருத்துவமனைகளுக்கு இப்படி வருபவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் சர்க்கரை நோயுள்ள, தனியே படுக்க வைக்கப்பட்ட முதியவர்கள். வடிவதில் ரத்தம் கலந்தாலோ, வலியோ நமைச்சலோ திடீரென்று கூடினாலோ அன்றே அழைத்து வர வேண்டும். புழுவை வீட்டில் எடுக்க முயலாதீர்கள். மாட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் உண்ணியும் ஏறலாம். உண்ணி கரப்பானைப்போல உள்ளே ஊர்ந்துகொண்டிருக்காது, கடித்துப் பிடித்துக்கொள்ளும்; வலி பொறுக்க முடியாது, சிலருக்கு முகம் இழுத்துக்கொள்வதும் உண்டு. எண்ணெய்க்கு அது லேசில் அசையாது. மரத்துப்போகும் மருந்து விட்டு நாங்கள்தான் எடுக்க வேண்டும்.

அவர் காதில் பஞ்சு வைக்க வேண்டாம். சீழை உள்ளே தேக்கும். எண்ணெய், இலைச்சாறு, தண்ணீர் எதுவும் போகக் கூடாது. மருத்துவரைப் பார்க்கும்வரை, படுக்கும்போது மெல்லிய வெள்ளைத் துணியால் தலையோடு காதை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள், பகலிலும். முடிந்தால் திண்ணையிலிருந்து உள்ளே அழைத்துவிடுங்கள். நாற்றத்துக்கு வழி நாங்கள் சொல்கிறோம். முறையாக உறிஞ்சிச் சுத்தம் செய்து மருந்து விட்டாலே பெரும்பாலும் சில வாரத்தில் குறைந்துவிடும். அவருக்குக் காது மந்தம் என்பதால் வீட்டில் பேச்சும் குறைந்திருக்கும், ஒதுக்கி வைத்ததாகவும் நினைத்திருக்கலாம். இதை உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. மூன்று பேரைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் நிலைமை எனக்குத் தெரிகிறது.

இந்த வயதில் ஆபரேஷனா என்று அவர் மறுப்பார். முதல் நாளே யாரும் கத்தி வைக்க மாட்டார்கள் என்று சொல்லுங்கள். முதலில் சுத்தம் செய்து பார்ப்போம், கேட்கும் திறனைப் பார்ப்போம், தேவையென்றால் ஸ்கேன். எலும்பு அரிப்பு இருந்தால்தான் மாஸ்டாய்டு என்கிற, காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் செய்யும் அறுவை பற்றிப் பேச்சு. அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனையில் காது மருத்துவர் இருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு போகலாம். ஸ்கேனோ அறுவையோ வேண்டுமென்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் தீபாவளிக்கு வரட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். போனில் சொல்லிவிட்டு இந்த வாரமே போங்கள். முகம் கோணுதல், காய்ச்சலோடு தலைவலி, வாந்தி, நிற்க முடியாத தலைசுற்றல் இவற்றில் ஒன்று வந்தாலும் வாரம்கூடக் காக்கக் கூடாது. பையனையும் அதே நாளில் காட்டிவிடுங்கள், ஒரே பஸ் செலவு.

அவர் சாப்பிடும் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை அட்டைகளைக் கையோடு கொண்டுவாருங்கள். கிளம்பும் அன்று காலையில் காதைத் துடைத்துச் சுத்தமாக்கி அழைத்து வந்துவிடாதீர்கள். மருத்துவரிடம் போகிறோமே என்ற மரியாதையில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். வடிவது வடிந்தபடி இருந்தால்தான் அதில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்க முடியும்.